மாஞ்சோலைக்குப் போகிறவர்களுக்கு

சில வருசங்களுக்கு முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர், "அண்ணே, மாஞ்சோலைக்கு ஒரு நாள் போயிட்டு வருவமா?" என்று கூப்பிட்டார்கள். போனேன். பாடுபட மட்டுமே மலையேறின சனம் நாம். வேடிக்கை பார்க்க ஏறினால் என்ன தப்பு?

மணிமுத்தாறு அணை, அருவி, வனத்துறைச் சீட்டு. பிறகு வளைந்து வளைந்து ஏற்றம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தமிழ்நாட்டில் மழை கொட்டித் தீர்க்கிற இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் முன்வரிசை. நாங்கள் போன அன்றும் மேகம் ரோட்டின் மேலேயே கிடந்தது.

தேயிலைச் சரிவைப் பார்த்து ஒரு தம்பி, "என்னா இயற்கைண்ணே!" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அது இயற்கை இல்லை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டை 99 வருசக் குத்தகைக்குப் பாம்பே பர்மா கம்பெனிக்கு விட்டது. அங்கே காட்டை வெட்டி, நாற்று நட்டு, அட்டைக்கடியில் நின்று அந்தப் பச்சையை உண்டாக்கினவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

அவர்கள் கூலி உயர்வும், சிறையில் கிடந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணியிலிருந்து எடுத்தது 17 பிணம். அதில் ஒன்று கைக்குழந்தை. மணிமுத்தாறு தாமிரபரணியில்தான் கலக்கிறது. அருவியில் நாம் குளித்த தண்ணீர் கொக்கிரகுளம் வழியாகத்தான் போகிறது.

இதே மலையில் காரையாறு சொரிமுத்தய்யனார் கோயில். அங்கே பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்கை. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், அருந்ததியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காகச் செருப்புத் தைத்தான். மாமனார் மாட்டைக் காக்கப் போய்ச் செத்தான். அந்தப் பெண்களே பிராமணர் பெற்றுக் காட்டில் விட்ட பிள்ளைகள்தான் என்று கதையில் ஒட்டுப் போட்டுவிட்டார்கள். நம்மைச் சாமியாக வைத்தாலும் நம்மவளாக வைக்கமாட்டான்.

2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியம் என்றது. களக்காடு முண்டந்துறைக் காடும் அதில் சேர்த்தி. புலிக்கும் சிங்கவால் குரங்குக்கும் காடு வேண்டும். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளினவளுக்கு என்ன பாரம்பரியம்? 2024இல், குத்தகை முடிய நாலு வருசம் இருக்கும்போதே, கம்பெனி விருப்ப ஓய்வுத் தாளை நீட்டி லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னது. விருப்பம் யாருடையது? ஜமீனுக்குக் குத்தகைப் பணம், கம்பெனிக்கு லாபம், அரசுக்குக் காடு. உழைத்தவர்களுக்குச் சமவெளியில் சாகுபடி நிலமும் வீடும் கொடுத்துவிட்டுக் காட்டைக் காடாக்கு என்று கேட்பது புலிக்கு எதிரான பேச்சா?

மாணவத் தோழர்களே, மலைக்குப் போங்கள். கேமராவும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் அருவியில் தொடங்காதீர்கள். காலையில் கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறுங்கள். மலையை விட்டு இறங்கினவர்கள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தச் சரிவில் மறுபடி காடு வளர்ந்துவிட்டால், யார் இருந்தார்கள் என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி.