ஊசி போடுகிறவரைக் கேட்டோமா?

'என்ன மருந்து?' என்று கேட்கிறோம். 'என்ன விலை?' என்று கேட்கிறோம். 'எந்த சிரிஞ்சு உங்கள் கைக்கு வாகாக இருக்கிறது?' என்று ஊசி போடுகிற நர்ஸம்மாவை யாராவது கேட்கிறோமா? என்னைக் கேட்டால், கேட்காதது பெரிய தப்பு.

அக்ரோமெகாலி என்றொரு நோய். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து, வளர்ச்சி ஹார்மோன் அளவு மீறிச் சுரக்கும். வளர்ந்து முடிந்த வயதில் கை, கால், தாடை பெருக்கும். மோதிரம் இறுகும், செருப்பு சேராது. பெரும்பாலும் முதலில் ஆபரேஷன். அதிலும் அடங்காதவர்களுக்கு ஆக்ட்ரியோடைட், லான்ரியோடைட் என்ற ஹார்மோன் மருந்துகள் உண்டு. நீடித்து வேலை செய்கிற வகை என்பதால் சாதாரணமாக 4 வாரத்துக்கு ஒரு ஊசி.

இந்த வகை ஆக்ட்ரியோடைட் பொடியாக வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, குளிர்ச்சி போக அரை மணியாவது வைக்க வேண்டும். கூட வரும் திரவத்தைச் சேர்த்து, ஊறவிட்டு, கட்டி தட்டாமல் கலந்து, உடனே பிட்டத்துச் சதையில் ஆழமாகப் போட வேண்டும். தாமதித்தால் பொடி அடியில் தங்கி ஊசி அடைத்துக்கொள்ளலாம். போச்சு! ஒரு மாத மருந்து வீண்.

லான்ரியோடைட் சிரிஞ்சிலேயே நிரப்பி வருகிறது. கலக்கிற வேலை இல்லை. தோலுக்கடியில் ஆழமாகப் போடுவது. ஆனால் மருந்து கெட்டி. நிதானமாக அழுத்தித் தள்ள வேண்டும்.

அமெரிக்கா, ஐரோப்பா நர்ஸுகள் இரண்டையும் பழகு திண்டில் குத்திப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. மிகப் பெரும்பாலோர் நிரப்பி வரும் சிரிஞ்சையே விரும்பினார்கள். அதைத் தயாரிக்கும் கம்பெனியின் செலவில் நடந்த ஆய்வு அது. அதையும் மனசில் வையுங்கள்.

'நர்ஸுக்குச் சௌகரியம் என்றால் எனக்கென்ன?' என்பீர்கள். கலக்கும் வேலை குறைந்தால் தவறு நேரும் இடமும் குறையும். எங்கள் சித்த வைத்தியத்தில் மருந்தைத் தேனில் கொடுப்பதா, நெய்யில் கொடுப்பதா, வெந்நீரிலா என்று அனுபானம் பார்ப்போம். மருந்து பாதி, கொடுக்கும் விதம் பாதி. ஊசிக்கும் அதே கணக்குதான்.

எந்த மருந்து என்பதை நோயும் டாக்டரும் தீர்மானிக்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கும்போது நர்ஸின் கருத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்பதே என் கட்சி.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. 'சீக்கிரம் போடும்மா, பஸ் போயிடும்' என்று அவசரப்படுத்தாதீர்கள். போன தடவை வலப்பக்கமா, இடப்பக்கமா என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள். பக்கம் மாற்றிப் போட வேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

இன்னொன்று. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: எந்தச் சூரணத்தையும் லேகியத்தையும் நம்பி, உங்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.