மாத்திரையை ஒப்பிட முதல் வாயைத் திறப்போம்

2009இல் வன்னியில் செல் பட்டு மாமாவின் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. இப்போது ஸ்காபுறோவில் எங்களோடு இருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் அவருடைய காலைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆனால் அவரைக் கோவிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகவிடாமல் வைத்தது சலப் பிரச்சினை. அதை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டால் சிறுநீர்ப்பை மூளையின் சொல் கேளாமல் தன்பாட்டில் சுருங்கலாம். சலம் ஒழுகுவதோடு இது முடியாது. உள்ளே அழுத்தம் கூடினால் சிறுநீரகமே பழுதாகும்.

மாமாவுக்குக் கொடுத்தது ஒக்சிபியூட்டினின். பழைய மருந்து, மலிவு, பையின் தசையைத் தளர்த்தும். ஆனால் வாய் காயும், மலச்சிக்கல் வரும், வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரலாம். வாய் காயுது என்று மாமா தண்ணி குடிப்பார். அந்தத் தண்ணி திரும்பப் பையை நிரப்பும். கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் குளிசையை விட்டுவிட்டார். "எப்படி இருக்கு?" என்று டொக்டர் கேட்க, மாமா தலையாட்ட, "எல்லாம் ஓகே" என்று மொழிபெயர்த்தவன் நான்தான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு வழிகளைப் பற்றிக் கதைத்திருக்கலாம். ட்ரொஸ்பியம் மூளைக்குள் குறைவாகவே போகும். மிராபெக்ரொன் வேறு வழியில் வேலை செய்வதால் வாய் அவ்வளவு காயாது. ஆனால் இரத்த அழுத்தத்தைக் கூட்டலாம், அளந்து பார்க்க வேண்டும். குளிசை சரிவராதவர்களுக்குப் பையின் தசையில் பொட்டொக்ஸ் ஊசி போடுவார்கள். அது சில மாதங்களுக்குத் தாங்கும். பிறகு திரும்பப் போட வேண்டும், கதீற்றரும் தேவைப்படலாம். எல்லாருக்கும் பொருந்தும் ஒரு மருந்து இல்லை.

காசும் ஒரு தடைதான். பார்மசியில் வாங்கும் மருந்துக்கு ஓஹிப் அட்டை உதவாது. 65 வயதானவர்களுக்கும் ஓடிஎஸ்பி பெறுகிறவர்களுக்கும் மாகாணத் திட்டம் உண்டு. இடையில் நிற்கிறவர்கள் ட்ரில்லியம் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தை மருந்துக்குச் செலவழித்த பிறகு, திட்டத்தில் உள்ள மருந்துகளுக்கு அது கைகொடுக்கும்.

ஊரில் மாங்குளத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் 'உயிரிழை' என்று ஒரு அமைப்பாகவே சேர்ந்திருக்கிறார்கள். இங்கே நாங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

டொக்டரிடம் கூடப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். போக முதல் மூன்று நாளைக்கு எவ்வளவு குடித்தார், எவ்வளவு போனது, எத்தனை தரம் ஒழுகியது என்று எழுதுங்கள். குளிசையை உண்மையாகவே போடுகிறாரா என்றும் கேளுங்கள். தயவுசெய்து "ஓகே" என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள்.