வரப்பில் பறக்கும் ஈக்கு மருந்து வேண்டாம்

கத்தரி பயிர் செய்திருக்கும் விவசாய நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னைத் தம் தோட்டத்து வரப்புக்கு அழைத்துச் சென்றார். புல் இல்லாத மண்ணில் பென்சில் பருமனில் சில துளைகள். உடலெங்கும் மயிர் மூடிய ஓர் ஈ, அவற்றின்மேல் அந்தரத்தில் நின்று வாலை உதறிக்கொண்டிருந்தது. "தேனீக் குஞ்சுகளைத் தின்னும் ஈயாமே! மருந்து அடித்துவிடலாமா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். காரணத்தை எல்லா விவசாயிகளும் அறிவது நல்லது.

தேனீ என்றதும் அடை கட்டும் கூட்டமே நம் நினைவுக்கு வரும். தனித்து வாழும் தேனீக்களும் ஏராளம். இவற்றில் ராணியும் இல்லை, வேலைக்காரத் தேனீயும் இல்லை. பெண் தேனீ தானே மண்ணைத் தோண்டியோ, கிடைத்த துளையில் புகுந்தோ அறை அமைத்து, மகரந்தமும் தேனும் சேர்த்து முட்டையிடும். நீலப்பட்டைத் தேனீ, இலை வெட்டும் தேனீ, மூங்கிலைத் துளைக்கும் கருவண்டு ஆகியவை இவ்வகையே.

கத்தரிப் பூவில் மகரந்தப் பையின் நுனித் துளை வழியாகத்தான் மகரந்தம் உதிரும். நீலப்பட்டைத் தேனீயும் கருவண்டும் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து அதை உதிர்க்கின்றன. அடைத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. துவரைப் பூவிலும் இலை வெட்டும் தேனீயும் கருவண்டும் உழைக்கின்றன. கூலி கேட்காத ஆட்கள் இவர்கள்.

ஈயின் வேலை வேறு. பறந்தபடியே துளை வாயில் முட்டைகளை எறியும். அதிலிருந்து வரும் மெல்லிய புழு ஊர்ந்து அறைக்குள் நுழையும். தேனீயின் புழு உண்டு கொழுக்கும் வரை காத்திருந்து, பிறகு அதை உறிஞ்சித் தீர்க்கும். பிரெஞ்சு நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ஃபாபர் இதைக் கண்டறிந்து 1886இலேயே எழுதி வைத்தார்.

கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தேனீயை அடியோடு அழித்தால் ஈயின் வம்சமும் அழியும். தேனீ குறைந்தால் ஈயும் குறையும். காய்த்த மரம்தான் கல்லடி படும். ஈ வட்டமிடுகிறது என்றால் அங்கே தேனீ குடியிருக்கிறது என்று பொருள். மேலும், வளர்ந்த ஈ பூந்தேன் குடித்து மகரந்தம் சுமக்கிறது, நம்மைக் கொட்டாது. இதே குடும்பத்து ஈக்கள் சில, வெட்டுக்கிளியின் முட்டைகளையும் பயிர் தின்னும் புழுக்களையும் அழிக்கின்றன.

நண்பர் மருந்து அடித்தால் என்ன ஆகும்? ஈ பறந்துவிடும். துளைக்குத் திரும்பும் தேனீதான் மருந்தில் மிதித்துச் சாகும். உண்மையைச் சொன்னால், இந்தத் தேனீக்களுக்கு ஈயைவிட நாம்தான் பெரிய எதிரி. பூத்த செடியில் காலை வேளையில் மருந்து அடிக்கிறோம். வரப்பு முழுவதையும் செதுக்குகிறோம். காய்ந்த தண்டுகளைக் கொளுத்துகிறோம். பிறகு பிஞ்சு பிடிக்கவில்லை என்று உரக்கடைக்கு ஓடுகிறோம்.

வரப்பைச் செதுக்காவிட்டால் புல் மண்டும், எலி சேரும் என்பீர்கள். நியாயமே. முழு வரப்பையும் விடச் சொல்லவில்லை. தண்ணீர் தேங்காத, வெயில் படும் மேட்டில் பத்தடி நீளம் கிளறாமல் விட்டால் போதும். மருந்து அடித்தே தீரவேண்டுமானால் தேனீ நடமாட்டம் அடங்கிய மாலையில் அடியுங்கள்.

மூங்கில் குழாய்களைக் கட்டித் தொங்கவிட்டால் இலை வெட்டும் தேனீ குடிவரும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். ஐரோப்பாவில் தேனீக்களுக்கு வைக்கும் இத்தகைய கூடுகளில் இன்னொரு சிறு ஈ புகுந்து, குஞ்சுக்கு வைத்த மகரந்தத்தையே தின்று அதைப் பட்டினி போடுகிறது. கூடுகள் நெருங்கினால் திருடனுக்கு வசதி. சிறு கட்டுகளாகப் பிரித்து வையுங்கள். தேனீ வெளியேறிய பழைய குழாயை மாற்றுங்கள்.

நண்பர் தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டார். நீங்களும் மருந்துக்குச் செலவிடும் முன் ஒரு நாள் காலை வரப்பில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். யார் உழைக்கிறார்கள், யார் திருடுகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். அந்தத் திருட்டைத் தேனீ தாங்கும். நம் மருந்தைத் தாங்காது.