கருப்பு யார் என்று ஊகிக்க ஒரு வாரம் வேண்டும்

சென்னையை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில் இன்று மவுண்ட்–பூந்தமல்லி சாலையின் தலைக்கு மேலே மெட்ரோ பாலம் நிற்கிறது. 1990களின் பிற்பகுதியில் அங்கே பாலமும் இல்லை, இத்தனை அடுக்குமாடிகளும் இல்லை. கேபிள் இணைப்பு எல்லா வீட்டிலும் கிடையாது. இருக்கிற வீட்டில் அரைத் தெரு வந்து உட்கார்ந்துவிடும். ‘விடாது கருப்பு’ போடும் இரவில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். இருட்டில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்ளும்.

ஆனால் அந்தத் தொடரின் உண்மையான ஓட்டம் மறுநாள் காலையில்தான் தொடங்கும். குழாயடியிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒரே கேள்வி: கருப்பு யாரு?

“சாமியாவது பூதமாவது, அந்த வீட்டுக்குள்ள இருக்கிற ஆளுதான் செய்யிறான்.”

“அப்படின்னா குதிரை ஏறத் தெரிஞ்சிருக்கணுமேக்கா. அந்த ஊருல அது எத்தனை பேருக்குத் தெரியும்? அதை மொதல்ல எண்ணுங்க.”

அறிவியல் வகுப்பில் கருதுகோள், சோதனை என்று சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். தமிழ்நாடு முழுக்கத் தெருத்தெருவாக நடந்த இந்தப் பேச்சைத் தமிழ்த் தொலைக்காட்சி கைநழுவவிட்டது பெரிய இழப்பு. அதைத் திரும்பக் கொண்டுவர முடியும், கொண்டுவரவும் வேண்டும்.

இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ நாவல்தான் அந்தத் தொடருக்கு மூலம். கே. பாலசந்தர் குடும்பத்தின் மின்பிம்பங்கள் தயாரிக்க, நாகா இயக்க, சன் டிவியில் ‘மர்மதேசம்’ வரிசையில் அது வந்தது. தோட்டக்காரமங்கலம் என்ற ஊர். தப்பு செய்கிறவர்களைக் கருப்பண்ணசாமி குதிரையேறி வந்து தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. பிணங்கள் விழுகின்றன. சாமிதான் என்று நம்பவும் இடமிருந்தது, மனிதன்தான் என்று சந்தேகப்படவும் இடமிருந்தது. ஒருவனின் சிறு வயதில் நடப்பதும் அவன் வளர்ந்த பிறகு நடப்பதும் மாறி மாறி வரும்படி கதை சொல்லப்பட்டது. இரண்டு இழையையும் பார்ப்பவர்தான் முடிச்சுப் போட வேண்டும். விடையை இங்கே சொன்னால் இனிமேல் பார்க்கப்போகிறவர்களுக்குத் துரோகம். மனநல மருத்துவத்தில் பேர் உள்ள ஒரு விஷயத்தில்தான் அது போய் நின்றது என்பதை மட்டும் சொல்லலாம். சாமி பயத்தில் தொடங்கி மருத்துவத்தில் முடிந்த தொடரை அன்றைய ஜனம் மறுக்கவில்லை. துப்புகள் முதலிலிருந்தே கண்ணெதிரில் இருந்தன என்பதே காரணம்.

ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, 2016 அக்டோபரில், அமெரிக்காவின் எச்பிஓ ‘வெஸ்ட்வேர்ல்டு’ என்ற அறிவியல் புனைவுத் தொடரைத் தொடங்கியது. மனிதனைப் போலவே இருக்கும் இயந்திரங்கள் நிறைந்த ஒரு கேளிக்கைப் பூங்கா. வியப்பான ஒற்றுமை, அங்கேயும் மர்மம் குதிரையேறி வரும் கறுப்பு உடைக்காரர்தான். அங்கேயும் இரண்டு காலங்கள் பின்னிக்கொண்டு ஓடின, இரண்டும் வேறு வேறு காலம் என்று யாரும் சொல்லவில்லை. ரசிகர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். ஒரு காட்சியில் பூங்காவின் சின்னம் ஒரு வடிவத்தில் இருந்தது, இன்னொரு காட்சியில் வேறு வடிவத்தில். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, நல்லவனாக வரும் இளைஞன் வில்லியமும் அந்தக் கறுப்பு உடைக்காரரும் ஒரே ஆள், நடுவில் முப்பது வருஷம் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பத்து எபிசோடு கொண்ட முதல் பருவத்தின் கடைசியில் அதுதான் விடை.

அடுத்து நடந்ததுதான் வருத்தமானது. இரண்டாம் பருவத்தில் வைத்திருந்த ஒரு திருப்பத்தை ரசிகர்கள் முன்கூட்டியே ஊகித்துவிட்டதால் அதை மாற்றிக்கொண்டிருப்பதாக 2017இல் அதன் படைப்பாளிகளில் ஒருவரான ஜொனாதன் நோலன் சொன்னார். இது பெரிய பிழை. பத்து பேர் சரியாக ஊகித்தார்கள் என்றால் துப்புகளை நேர்மையாக வைத்திருக்கிறார் என்று பொருள். கணக்கு வாத்தியார் போட்ட கணக்குக்கு மாணவன் சரியான விடை எழுதினால், விடையைத் திருத்துவாரா? யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகத் திருப்பத்தை மாற்றும்போது, முன்பு போட்ட துப்புகள் எல்லாம் அர்த்தமில்லாமல் போகின்றன. அந்தத் தொடர் அடுத்தடுத்த பருவங்களில் பார்வையாளரை இழந்தது. நான்கு பருவங்களோடு 2022 நவம்பரில் நிறுத்தப்பட்டது, நினைத்த முடிவை எட்டவே இல்லை.

‘லாஸ்ட்’ இன்னொரு பாடம். 2004இல் தொடங்கிய அந்தத் தொடரில், விமானம் விழுந்த வெப்பமண்டலத் தீவில் பனிக்கரடி வந்தது, கரும்புகையே ஒரு மிருகமாக வந்தது, 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்கள் போகிற இடமெல்லாம் வந்தன. விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே செத்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டே இருந்தது. படைப்பாளிகள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். கதை எப்போது முடியும் என்பது எழுதுகிறவர்களுக்கே தெரியாததால் நடுவில் தள்ளாடியது. 2007இல் தொலைக்காட்சி நிறுவனத்தோடு பேசி, 2010இல் முடித்துவிடுவது என்று தேதி குறித்தார்கள். அதன் பிறகுதான் கதைக்கு ஒரு திசை கிடைத்தது. கேள்வியைப் போடும் நாளிலேயே விடை வரும் நாளும் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் ‘டார்க்’ அதைச் செய்தது. மூன்றே பருவம், 26 எபிசோடு, முப்பத்து மூன்று வருஷச் சுழற்சி, நான்கு குடும்பங்கள். பார்த்தவர்கள் தாளில் வம்சாவளி வரைந்து உட்கார்ந்தார்கள். 2020 ஜூன் 27 அன்று கணக்கு முடிந்தது, கதைக்குள் உலகம் அழியும் நாளும் அதேதான்.

தமிழுக்கு இதெல்லாம் புதிது என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வாராவாரம் வாசகர்கள் ஊகித்தார்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை ஆசிரியர் அறுதியிட்டுச் சொல்லாமல் விட்டார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தாரையும் துரோகிகள் என்கிறது. ஆனாலும் அவர்கள் பின்னால் யார் என்ற விவாதம் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் ஓயவில்லை. அறிவியல் புனைவிலும் குறையில்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் தொடரானது. நாட்டையே ஆட்டிவைக்கும் ஜீவா உண்மையில் இருக்கிறாரா? நாயகி நிலாவோடும் ஜீனோ என்ற இயந்திர நாயோடும் சேர்ந்து பார்ப்பவரும் அதைத்தான் தேடினார். ஆட்சியாளர் வெறும் பிம்பமாக இருக்கலாமா என்று வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் யோசித்தது சாதாரண விஷயம் இல்லை.

இன்றும் ஊகம் நடக்கத்தான் செய்கிறது, ஆனால் சரக்கு மாறிவிட்டது. காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கத்தில் ஈவிபி பிலிம் சிட்டி. பிக் பாஸ் வீடு அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை இரவு காட்டப்போகும் வெளியேற்றம் சனிக்கிழமையே போனுக்குப் போன் பரவிவிடுகிறது. அது கசிவு. தகவல் தெரிந்தவர் சொல்கிறார், தெரியாதவர் கேட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். ஊகத்தில் எல்லோர் கையிலும் இருப்பது ஒரே துப்புதான். டீக்கடைக்காரரும் பேராசிரியரும் அங்கே சமம். கூர்ந்து பார்த்தவர் ஜெயிக்கிறார். இந்தச் சமத்துவம்தான் அதன் பெருமை.

அந்தப் பேச்சுக்கு இன்று இரண்டு பக்கமும் வழி அடைபட்டிருக்கிறது. ஒரு பக்கம் மெகா சீரியல். முடிவு என்ற ஒன்றே திட்டத்தில் இல்லாமல், ரேட்டிங் இருக்கிறவரை இழுக்கிற கதையில் எந்தத் துப்பை நம்பி யார் ஊகிப்பது? இறந்தவர் திரும்பி வருவார், ஒரே ஆளுக்கு இரட்டைப் பிறவி முளைக்கும். இன்னொரு பக்கம் ஓடிடி. 2022 ஜூனில் வந்த ‘சுழல்’, டிசம்பரில் வந்த ‘வதந்தி’ இரண்டுமே நல்ல மர்மத் தொடர்கள், தலைக்கு எட்டு எபிசோடு. ‘வதந்தி’யில் ஒரே பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லும் அமைப்பு, எட்டு வாரம் தமிழ்நாட்டைப் பேசவைத்திருக்கக்கூடிய கரு. இரண்டையும் ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டார்கள். ராத்திரி விழித்து முடித்தவர் காலையில் பேச வாயெடுத்தால், மூன்றாவது எபிசோடில் நிற்கும் நண்பர் காதைப் பொத்திக்கொள்கிறார். கதை தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே மேசையில் உட்கார முடியாமல் போகிறது.

இடைவெளி விட்டால் பார்ப்பவர் ஓடிவிடுவார் என்று நிறுவனங்கள் பயப்படுகின்றன. அந்தப் பயத்துக்கு இந்த மண்ணின் அனுபவமே பதில். அன்று நிறுத்திப் பார்க்கவும் வழியில்லை, பின்னால் ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஒரு வாரம் தவறினால் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேட்பதும் சொல்வதுமே தொடரை வளர்த்தது. தமிழில் ஓர் அறிவியல் மர்மத் தொடர் எடுக்க நினைக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை எபிசோடு என்பதை முதல் நாளே அறிவியுங்கள். வாரம் ஒன்று மட்டும் வெளியிடுங்கள். விடையை எழுதி வைத்துவிட்டுக் கேள்வியைப் போடுங்கள். கண்டுபிடித்தவர் வந்தால் மாற்றி எழுதாதீர்கள், அவரைக் கொண்டாடுங்கள். எழுதியவரின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தபோது, நாற்பதைக் கடந்தவர்கள் பலருக்கும் முதலில் காதில் கேட்டது அந்தக் குளம்புச் சத்தம்தான்.

அப்படியொரு தொடர் வரும்வரை பார்ப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ‘விடாது கருப்பு’ யூடியூபில் கிடைக்கிறது. இந்த வார இறுதியில் வீட்டுப் பிள்ளைகளோடு முதல் எபிசோடை மட்டும் பாருங்கள். அடுத்ததைத் தொடாமல் அணைத்துவிட்டு, ஆளுக்கொரு சீட்டில் கருப்பு யார் என்று எழுதச் சொல்லி, மடித்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.