கோட்டை இருந்த இடம்



கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் மீஞ்சூர் தாண்டினால் அனுப்பம்பட்டு, அடுத்தது பொன்னேரி. அங்கே இறங்கிப் பேருந்து பிடித்தால் பழவேற்காடு. இறாலும் நண்டும் வாங்க, ஏரியைப் பார்க்க என்று போகிறவர்கள் ஏராளம். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது இந்த ஊர்தான் என்று அறிந்து போகிறவர்கள் சிலரே. அதனால்தான் இம்முறை டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையைப் பற்றிப் பேச நினைத்தேன்.

1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் அனுமதியோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே பண்டகசாலை அமைத்தது. இரண்டு வருடத்தில் போர்ச்சுக்கீசியர் வந்து அதை அழித்துவிட்டார்கள். 1613இல் கோட்டை எழுந்தது. கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைவர் வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டார். மதராசில் ஆங்கிலேயர் இடம் பெற்றது அதற்கு 26 வருடம் கழித்துத்தான்! உள்நாட்டு நெசவாளர்களின் துணி பழவேற்காட்டிலிருந்து கீழை நாடுகளுக்குக் கப்பலேறியது. அங்கே அதைக் கொடுத்து வாசனைப் பொருள்கள் வாங்கினார்கள். நாணயச் சாலை இருந்தது, வெடிமருந்து ஆலையும் இருந்தது.

ஆனாலும் பெருமையை மட்டும் எழுத மனம் ஒப்பவில்லை. பஞ்ச காலங்களில் விற்கப்பட்ட ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பப்பட்டார்கள். டச்சு வணிகர்களுக்கு அழகிய சிற்ப வேலையோடு கல்லறைகள் உண்டு. கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பிறந்த ஊரைவிட்டுப் போனவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. பழவேற்காட்டின் வரலாற்றை எழுதும் எவரும் இவர்களை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1795இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி, 1806இல் கோட்டையைத் தகர்த்தார்கள். இன்று புதரும் மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். கோட்டை எப்படி இருந்தது என்று பார்க்க, தொல்லியல் துறை காக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். ஒரு கல்லறையின் மேல் கோட்டையின் உருவத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்.

அங்கே போகும்போது கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பத்து மீனவர்களின் 'பாடு' முறையையும் அவசியம் கேட்டு அறியுங்கள். ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊரே கூடி முறை வைக்கும் ஏற்பாடு அது. எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுத்த சட்டமல்ல. பழவேற்காட்டில் கோட்டையைவிட என்னை வியக்க வைப்பது இதுதான்.

உங்கள் குடும்பத்துக்குப் பழவேற்காட்டோடு தொடர்பு உண்டா? தாத்தா பாட்டி சொன்ன கதைகள், பழைய புகைப்படங்கள், நெசவு, படகு, வியாபாரம் பற்றிய நினைவுகள், எதுவானாலும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்