சம்பளம் யார் கணக்கில்?

காரைக்காலிலிருந்து பிரான்சுக்குப் புறப்படும் நம் பங்கு மக்கள் விசா, விமானச் சீட்டு, கம்பளி உடை என்று பலவற்றையும் விசாரித்துக்கொள்கிறார்கள். 1962 ஆகஸ்டு 16-இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற குடும்பங்கள் இங்கே உண்டு. எனவே, போனதும் தங்குவதற்குப் பலருக்கு ஓர் உறவினர் வீடு கிடைத்துவிடுகிறது. வங்கிக் கணக்கைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

அங்கே அது சிறிய காரியமல்ல. மாதச் சம்பளம் 1500 யூரோவைத் தாண்டினால் அதை ரொக்கமாகக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. கணக்கு தொடங்கப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள். வாடகைக்கு வீடு தேடினால் சம்பளச் சீட்டும் கணக்கு விவரமும் கேட்பார்கள். புதிதாகப் போனவர் நடுவில் மாட்டிக்கொள்கிறார். உறவினர் வீட்டில் இருப்பவருக்கு ஒரு வழி உண்டு. 'இவர் என்னோடு தங்கியிருக்கிறார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், அவர் பெயரிலுள்ள மின்கட்டண ரசீது ஆகியவற்றைப் பொதுவாக வங்கிகள் ஏற்றுக்கொள்ளும்.

அப்படியும் மறுத்தால்? சித்தப்பா கணக்கிலோ கணவர் கணக்கிலோ சம்பளத்தைப் போடச் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றும். நல்ல மனதோடு செய்யப்படும் உதவிதான் இது. ஆனாலும் தான் உழைத்த பணத்தைப் பிறரிடம் கேட்டு வாங்கும் நிலை, அதுவும் ஒரு பெண்ணுக்கு, வரக்கூடாது என்பதே நம் எண்ணம். பிரான்சிலேயே 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் மணமான பெண் கணவரின் சம்மதமின்றிக் கணக்கு தொடங்க முடிந்தது! 2022 டிசம்பர் முதல், வேலை செய்பவரின் பெயர் இல்லாத கணக்கில் சம்பளம் செலுத்த அங்கே அனுமதியில்லை. கூட்டுக் கணக்கு என்றாலும் அவர் பெயர் அதில் இருந்தாக வேண்டும்.

பிரான்சில் வசிக்கும், வேறு கணக்கு இல்லாத எவருக்கும் கணக்கு பெறும் உரிமை உண்டு. அதற்கு அடித்தளம் 1984-ஆம் ஆண்டு வங்கிச் சட்டம். வங்கி மறுத்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு பிரான்ஸ் நாட்டு மத்திய வங்கிக்கு விண்ணப்பித்தால் அதுவே ஒரு வங்கியைக் குறித்துக் கொடுக்கும். தேவையான ஆவணங்கள் கைக்கு வந்த மூன்று வேலைநாட்களில் அந்த வங்கி கணக்கைத் திறந்தாக வேண்டும். பண அட்டை, பணமாற்றம் போன்ற அடிப்படைச் சேவைகளுக்குக் கட்டணமில்லை. காசோலைப் புத்தகம் மட்டும் இதில் சேராது.

ஊரில் விட்டுச்செல்லும் சேமிப்புக் கணக்கும் அப்படியே கிடக்கலாகாது. வெளிநாட்டில் குடியேறியவர் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இங்குள்ள கிளையில் பயணத்துக்கு முன்பே இதை விசாரித்து வைக்கலாம்.