காத்தான்குடி ஏன் இவ்வளவு நெரிசல்?

மட்டக்களப்பிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி, கல்முனை வீதியில் தெற்கே 5, 6 கிலோமீட்டர் போனால் முஸ்லிம் ஊரான காத்தான்குடி. வெளியூர்க்காரர் பலர் அங்கே இறங்குவதில்லை. வீதி நடுவே நிற்கும் பேரீச்சை மரங்களைப் படம் பிடித்துக்கொண்டு, "அரபு நாடு மாதிரி" என்று சொல்லிப் போய்விடுவார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அதை நடத்தியவர்களின் தலைவன் இந்த ஊர்க்காரன் என்பதால், அந்தப் பேச்சில் சந்தேகமும் கலந்தது. பேரீச்சை அண்மைக்காலத்தில் நட்டது. ஊரை அறிய வளவுக்குள் பார்க்க வேண்டும்.

கிழக்கே கடல், மேற்கே வாவி, தெற்கே ஆரையம்பதி. இந்தத் துண்டு நிலத்துக்குள் சுமார் 40,000 பேர். ஆனால் நிலம் குறுகியது மட்டும் காரணமல்ல. இங்கே கலியாணம் பேசும்போதே வீடும் பேசப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவில் இன்னொன்று கட்டி ஒதுங்குவர். இளையவளுக்கு அதுவும் போகும். மூன்று பெண் பிள்ளைகள் இருந்தால் ஒரு தலைமுறையிலேயே வளவு மூன்றாகும். பிறகு மேலே மாடி எழும்பும். கடன்பட்டு வீடு கட்டும் தகப்பன்மாரின் பாடு தனிக்கதை.

இந்த வழக்கம் அரபு நாட்டிலிருந்து வந்ததல்ல. பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் வீடு மகளுக்குத்தான். தாய்வழியாகக் குலத்தைக் கணக்கிடும் குடி முறையும் முஸ்லிம், தமிழ் என இரு சமூகத்துக்கும் பொது. அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். சண்டை போட்டுக்கொண்ட இரு சமூகமும் மகளுக்கு வீடு கட்டுவதில் ஒன்றுதான்!

நெரிசலுக்குப் போரும் ஒரு காரணம். 1990 ஆகஸ்ட் 3 அன்று இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தக் காலத்தில் ஓரத்துக் கிராமங்களிலிருந்து ஓடிவந்தவர்களும் இந்த ஊருக்குள்ளேயே ஒண்டினர்.

மகளுக்கே வீடு என்ற இந்த வழக்கத்தை அரசு கணக்கில் எடுக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் அரசு கொடுத்த வீடுகளின் உறுதி பெரும்பாலும் "குடும்பத் தலைவர்" பேரில், அதாவது கணவன் பேரில் எழுதப்பட்டது. தலைமுறைகளாகப் பெண்ணுக்கிருந்த உரிமை ஒரு படிவத்தால் கைமாறியது. உதவி என்று வந்ததில் இது பெரிய தவறு.

இனியாவது உறுதியில் மனைவியின் பேரும் வரட்டும். நகரத் திட்டம் போடுவோர் இன்றைய வீடுகளை எண்ணுவதோடு நிற்காமல், அடுத்த பத்து ஆண்டில் கலியாண வயதுக்கு வரும் பெண் பிள்ளைகளையும் எண்ணட்டும்.